புது வீட்டுச் சுவரில் எருமை

குதிரை என்று நான் ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டால் போதுமாம். எழுதித் தர வேண்டாம், படத்தில் ஒரு கோடு மாற்ற வேண்டாம், கிழக்கே பார்த்து நின்றுகொண்டு, போட்டவள் வாயால், இது குதிரை என்று ஒரே ஒரு வார்த்தை. அதையும் இப்போது சொல்லக் கூடாது. ராகுகாலம். நாலரை தாண்டட்டும், அதுவரை காபி குடியுங்கள் என்று என்னை இந்த சோபாவில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத சோபா. கொஞ்சம் அசைந்தால் சரசரக்கிறது, அசையாமல் இருந்தால் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. ராகுகாலத்தில் சொன்ன பொய் பலிக்காது, நல்ல நேரம் பார்த்துச் சொன்னால் பொய்யும் மெய்யாகிவிடும் போலிருக்கிறது. இதைக் கேட்பதற்கா கொளுத்துகிற வெயிலில் ஆட்டோ பிடித்து வந்தேன். ‘சின்ன விஷயமுங்க மேடம், நேர்ல வந்தீங்கன்னா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுரும்’ என்று படத்தை வாங்கிய நாச்சிமுத்து போனில் சொன்னபோது, கண்ணாடி விரிசல் விட்டிருக்கும், ஆணி சரியில்லாமல் சட்டம் சாய்ந்திருக்கும், மாட்டிய இடத்தில் ஈரம் ஊறியிருக்கும் என்று என்னென்னவோ நினைத்தேன். ஒன்றும் இல்லை. எதிர்ச் சுவரில் என் எருமை நன்றாகத்தான் நிற்கிறது. நான் இரண்டு கையையும் விரித்தால் பிடிக்கிற அகலம், தேக்குச் சட்டம், மேலே ஒரு குட்டி விளக்கு. எருமை என்றால் காலண்டரில் வருகிற எருமை இல்லை. ஒரே வீச்சில் இறங்கிய முதுகு, அதன் கீழே கறுப்பாக ஒரு பாரம், கொம்பு என்று சொல்லத்தக்க இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். கண் கிடையாது. கால் மூன்றா நாலா என்று எனக்கே தெரியாது. ஆனால் எருமை. வேறு எதுவாகவும் அதை யாராலும் பார்க்க முடியாது, பார்க்கிறேன் என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான்.

அதிலும் நாச்சிமுத்து சொன்னால் அது பெரிய பொய். இந்த மனுஷனுடைய சொத்தே எருமைப் பால். தயிர், நெய், பன்னீர் என்று ஐந்து மாவட்டத்துக்கு லாரி போகிறது. ஏழாவது மாடியில் இந்த வீடு, இந்தப் பளிங்குத் தரை, அப்பளம் போலத் தட்டையாகச் சுவரில் ஒட்டியிருக்கிற அந்த டீவி, எல்லாம் எருமை கறந்தது. என் கையில் இருக்கிற, பழைய வீட்டிலிருந்து பிளாஸ்கில் வந்த இந்தக் காபிகூட எருமைப் பால் காபி, ஆடை இத்தனை கெட்டியாக வேறு எந்தப் பாலில் படியும். ஆனால் அவர் கம்பெனி பாக்கெட்டைப் பாருங்கள், மாலை போட்ட வெள்ளைப் பசு சிரித்துக்கொண்டு நிற்கும். அதை நான் கடையில் எத்தனையோ தடவை கையில் எடுத்திருக்கிறேன், அப்போதெல்லாம் கோபம் வரவில்லை, இப்போது நினைத்தால் காது சுடுகிறது. கறப்பது ஒருத்தியிடம், படம் போடுவது இன்னொருத்திக்கு. நாளைக்குப் புதுமனை புகுவிழா. அதற்கு ஒரு பசுவும் கன்றும் வரப்போகின்றன, ஏழாவது மாடிக்கு, சாமான் ஏற்றுகிற லிஃப்டில். மாடு மிரளாமல் இருக்க லிஃப்டுக்குள் வைக்கோல் பரப்பச் சொல்லி வாட்ச்மேனிடம் சற்றுமுன் இந்த ஆளே போனில் கத்திக்கொண்டிருந்தார். பசு இந்தப் பளிங்கில் கோமியம் விட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எருமை சுவரில் காகிதமாக இருந்தால்கூட ஆகாது. கண்காட்சியில் இதே நாச்சிமுத்து இந்தப் படத்தின் முன்னால் நின்று என்ன சொன்னார் என்று எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. முதலில் நின்றது அவருடைய மனைவி பூங்கொடி. அவள் வெகுநேரம் நின்றாள். அப்புறம் இவர் வந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ‘ஏனுங்க, நம்ம எருமையாட்டமே இருக்குதுங்க. சினை எருமைங்க இது. வயிறு எறங்கியிருக்குது பாருங்க, இன்னும் பத்து நாள்ல ஈன்றுரும்’ என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை விமர்சகன் வந்திருப்பான், எத்தனை பேர் அரூபம் அது இது என்று தலையாட்டியிருப்பார்கள், ஒருத்தனாவது வயிறு இறங்கியிருக்கிறது என்றானா. இந்தப் படம் இந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று அந்த நிமிஷமே நினைத்தேன். இன்றைக்கு அதே வாய், ‘குதிரைன்னு சொன்னா என்னுங்க மேடம், அதுவும் நாலு கால் ஜீவன்தானுங்க’ என்கிறது.

எல்லாம் அந்த வாஸ்துக்காரரால் வந்தது. மணவாளனாம். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் காந்த ஊசி, பேசுவதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு. இப்போது சமையலறையில் நின்று அடுப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், குரல் கேட்கிறது. அடுப்பு எதைப் பார்க்கும், சுவரைப் பார்க்கும். நான் வந்ததும் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ‘அம்மா, தப்பா எடுத்துக்கக் கூடாது, கலையை நான் மதிக்கிறவன்’ என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். அடுத்து என்ன வருமென்றும் தெரியும். ‘தென்சுவர்ல எருமை. தெக்கு யாரோட திசை, எருமை யாரோட வாகனம், நான் சொல்லணுமா? புது வீட்டுக்குள்ள அவனுக்கு ஸ்டாண்டு போட்டுக் குடுத்த மாதிரி ஆயிருச்சும்மா.’ யமனுக்கு வண்டி நிறுத்துகிற இடமாம் என் படம். அப்படியானால் நாச்சிமுத்துவின் பண்ணையில் அறுநூறு எருமை நிற்கிறதே, அங்கே எத்தனை யமன் வந்து நிற்கிறான் என்று கேட்டேன். நாச்சிமுத்து தரையைப் பார்த்தார். ‘அது தொழிலுங்க’ என்றார். தொழிலில் எருமை, வீட்டில் குதிரை. வேறு சுவரில் மாட்டுங்கள் என்றேன். எந்தச் சுவரிலும் எருமை ஆகாது என்றார் மணவாளன், ஆனால் குதிரை என்றால் வெற்றி, ஓட்டம், வடக்குச் சுவருக்கு மாற்றிவிட்டால் அமோகம். இதில் எது குதிரை, காட்டுங்கள் என்றேன். அதற்குத்தான் அந்த மகா யோசனையைச் சொன்னார். ‘பார்க்கிறவங்களுக்கு இது என்னன்னு தெரியப்போறதில்ல. கிறுக்கல் மாதிரிதானே இருக்கு. போட்டவங்க என்ன பேர் சொல்றாங்களோ அதுதான் அது. நீங்க வாயால சொல்லிட்டீங்கன்னா தோஷம் போயிரும்.’ கிறுக்கல். சரி. இதைப் போட எவ்வளவு நேரம் ஆனது என்றும் கேட்டார். எல்லாரும் கேட்பார்கள், முப்பது வருஷமாகக் கேட்கிறார்கள், காய்கறிக்காரனிடம் யாரும் வெண்டைக்காய் காய்க்க எத்தனை நாள் ஆனது என்று கேட்பதில்லை, என்னிடம் மட்டும் கேட்பார்கள். ஒரு நிமிஷம் என்றேன். உண்மையும் அதுதான். ‘பாருங்க, ஒரு நிமிஷத்துல போட்டதுதானே, ஒரு நிமிஷத்துல பேரை மாத்தறதுக்கு என்ன கஷ்டம்’ என்றார். நியாயம் பேசிவிட்டாராம். நாச்சிமுத்து அதற்குத் தலையாட்டினார். பூங்கொடி மட்டும் காபி டம்ளரை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தை இவர்களுக்கு எப்படிச் சொல்வது, ஏன் சொல்ல வேண்டும். சர்க்கரைப் பாகு காய்ச்சி, அதில் கறுப்பு மையைக் கலந்து, துத்தநாகத் தகட்டின் மேல் நேராகத் தூரிகையால் போட வேண்டும். பென்சில் கிடையாது, அழிப்பது கிடையாது. கை போன போக்குதான் படம். காய்ந்ததும் மேலே வார்னிஷ் பூசி வெந்நீரில் போட்டால் சர்க்கரை கரைந்து, தூரிகை போன இடம் மட்டும் திறந்துகொள்ளும், அங்கே அமிலம் அரிக்கும், அரித்த பள்ளத்தில் மை தங்கும், அதைக் காகிதத்தில் அழுத்தி எடுத்தால் படம். அன்றைக்கு நான் எருமை போடுவதாகவே இல்லை. எதையும் போடுவதாக இல்லை. கை தூக்க முடிகிறதா என்று பார்க்கத்தான் கார் ஷெட்டுக்குள் போனேன், அங்கேதான் என் அச்சுப் பிரஸ் இருக்கிறது, பதினோரு மாதமாகத் துணி போட்டு மூடிக் கிடந்தது. வலது மார்பை எடுத்தபோது அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் வழித்து எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து கை தோளுக்கு மேலே போகவில்லை. பிசியோதெரபி பெண் பிரிசில்லா சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி விரலால் ஏறச் சொல்வாள், பல்லி ஏறுகிற மாதிரி, ‘இன்னும் ஒரு இஞ்ச் ஆன்ட்டி, இன்னும் ஒரு இஞ்ச்’ என்பாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவளை மனசுக்குள் திட்டுவேன். அன்றைக்கு அகலத் தூரிகையைப் பாகில் தோய்த்துத் தூக்கினேன். கை போயிற்று. தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, போயே போயிற்று. மேலே போன கைக்கு அங்கே நிற்கத் தெரியவில்லை, அப்படியே பொத்தென்று தகட்டின் மேல் இறங்கியது. அந்த இறக்கம்தான் முதுகு. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது அது யார் என்று. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் காலி மனையில் சாக்கடைத் தண்ணீர் தேங்கி ஒரு குட்டை இருந்தது. சிவப்பு மருந்து ஏற்றுகிற நாளெல்லாம் ஜன்னல் ஓரக் கட்டில்தான் கேட்பேன். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும், வாயில் தகரம் நக்கினாற்போல ஒரு ருசி வரும், கீழே குட்டையில் ஒரு எருமை கழுத்து வரைக்கும் முங்கி அசைபோட்டுக்கொண்டு கிடக்கும். வெயில் வந்தாலும் அப்படித்தான், லாரி ஹாரன் அடித்தாலும் அப்படித்தான், பையன்கள் கல்லெறிந்தாலும் அப்படித்தான். காது மட்டும் ஒரு தடவை ஆடும். இது எழுந்திருக்கிறவரைக்கும் நானும் இருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். சாயங்காலம் அது எழுந்திருக்கும், எத்தனை பெரிய உடம்பு, சேறு வழிய வழிய, அவசரமே இல்லாமல், யாரிடமும் கேட்காமல் எழுந்து ரோட்டைக் கடந்து போகும், பஸ் நிற்கும். அதைத்தான் போட்டேன். என் கை போட்டது. அன்று ராத்திரி தகட்டைக் காயவைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன், காலையில் பார்த்தால் சர்க்கரைக்கு எறும்பு வந்து முதுகை அங்கங்கே தின்றுவிட்டுப் போயிருக்கிறது. முப்பது வருஷம் இந்த வேலை செய்கிறவள் பாகு போட்ட தகட்டைச் சுற்றி ஒரு கோடு சாக்பீஸ் மருந்து கிழிக்க மறந்தேன். அழித்துவிட்டு மறுபடி போடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மறுபடி எப்படிப் போடுவது. எறும்பு தின்ற இடமெல்லாம் அச்சில் வெள்ளைப் புள்ளியாக வந்தது, எருமை முதுகில் ஈ உட்கார்ந்த மாதிரி. அதையும் இந்த மணவாளன் மூக்குக்கிட்ட முகத்தை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, ஒற்றைப்படையில் வருகிறது என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எண்ணி முடித்துவிட்டுத் திரும்பி, ‘அம்மா, இதைப் போட்ட காலத்துல உங்க வீட்ல யாருக்காச்சும் பெரிய சீக்கு ஏதாவது?’ என்று கேட்டார். சும்மா கேட்டது. எல்லா வீட்டிலும் கேட்பார், எல்லா வீட்டிலும் யாருக்காவது ஏதாவது இருக்கும், ஆமாம் என்பார்கள், தலையாட்டிக்கொள்வார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் இல்லை என்றேன். உடனே, தயாராக இருந்த வேகத்தில், இல்லை. எங்கள் வீட்டில் அதற்குத் தோள்பட்டைப் பிடிப்பு என்று பெயர். என் கணவர் தனபாலன் வைத்த பெயர். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், அம்மாவுக்கு இந்த வியாதி என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வரும் என்று சொல்லி எவன் வருவான், அதனால் தோள்பட்டைப் பிடிப்பு. தலைமுடி போனதற்கு டைபாய்டு. முழுக்கை ரவிக்கைக்குள் இறுக்கமாக உறை போட்டிருக்கிறேன், நீர் கோத்துக்கொள்ளாமல் இருக்க, அதற்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று பெயர். நல்ல மனுஷர், ராத்திரி பகல் பாராமல் பார்த்துக்கொண்டார், கஞ்சி வைத்துக் கொடுத்தார், வாந்தியை அள்ளினார், ஆனால் அந்தப் பெயரை மட்டும் சொல்ல மாட்டார், என்னையும் சொல்ல விடமாட்டார். பெண்ணுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. இன்னும் தோள்பட்டைதான். இப்போது வலது காறை எலும்புக்கு மேலே, விரலை வைத்து அழுத்தினால் நழுவுகிற மாதிரி ஒன்று இருக்கிறது. பட்டாணி அளவு. போன வாரம் குளிக்கும்போது கைக்குப் பட்டது. வெள்ளிக்கிழமை ஸ்கேனுக்கு நானே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன், தனபாலனிடம் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார். இந்த சோபாவில் உட்கார்ந்ததிலிருந்து எத்தனை தடவை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டேன், தொடக் கூடாது என்று நினைக்கும்போதே விரல் அங்கே போய் நிற்கிறது. இருக்கிறது. இருக்கிறது. போன தடவையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறதோ. இல்லை, அழுத்தி அழுத்தி வீங்கியிருக்கும்.

சொன்னால்தான் என்ன. ஒரு வார்த்தை. யாருக்கு நஷ்டம். எருமைக்குத் தெரியப்போகிறதா. தனபாலனுக்குப் போன் செய்து கேட்டபோது, ‘சொல்லிட்டு வந்துரு கயலு, நல்ல நாளும் அதுவுமா எதுக்கு வம்பு, அவங்க மனசுக்கு அப்படி’ என்றார். அவர் மனசுக்கும் அப்படித்தான். அங்கயற்கண்ணி என்கிற என் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் கோபமாவது வந்திருக்கும், கயலு என்றதும் கோபம் போய் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை போனால் ஒன்றும் இல்லை என்று வரலாம். பாருங்கள், வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. அந்த ஆள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார், இங்கே நான் குதிரை என்று சொன்னால் பட்டாணி கரைந்துவிடுமா என்று கணக்குப் போடுகிறேன். எருமையைப் பார்க்கிறேன். பழகின படம், என் படம், அது இப்போது ஒரு மாதிரி தெரிகிறது. அது எழுந்து போகிறதா, என்னைப் பார்த்து வருகிறதா. கண் வைக்கவில்லையே நான். கண் வைத்திருந்தால் எங்கே பார்க்கிறது என்று தெரிந்திருக்கும். சீ. இதற்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பயத்தை என் வீட்டிலிருந்து நான் எடுத்துக்கொண்டு வரவில்லை, வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தேன், இவர்கள் எனக்குக் காபியோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள், அதுவும் என் எருமையையே டம்ளராக்கி. நான் படுத்துக் கிடந்தபோது என்னோடு கிடந்தது அது ஒன்றுதான். வாகனமாம். யாருக்கு வாகனம். எனக்கு அல்லவா அது. அதன் மேல் ஏறித்தானே நான் அந்தக் கட்டிலை விட்டு வந்தேன். அதை இன்னொருத்தனுக்கு எழுதிக் கொடுக்க இவர் யார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வராவிட்டால் எருமை, நடந்தால் எருமை, உட்கார்ந்தால் எருமை, ஒரு பிராணியை இத்தனை வருஷம் இத்தனை பேர் சேர்ந்து திட்டியும் அது பால் கொடுப்பதை நிறுத்தவில்லை. காபி ஆறிவிட்டது. ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

‘நேரம் ஆச்சுங்க’ என்று நாச்சிமுத்து வந்தார். பின்னாலேயே மணவாளன், கையில் கற்பூரத் தட்டு. இதற்குக் கற்பூரம் வேறா. பூங்கொடியும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுவர் ஓரமாக நின்றாள். என்னை எழுப்பி நிற்கவைத்தார்கள், பிளாஸ்டிக் உறை என்னோடு எழுந்து சத்தம் போட்டு விழுந்தது. இப்படித் திரும்பும்மா, இன்னும் கொஞ்சம், ஆ, இதுதான் கிழக்கு. காந்த ஊசியைப் பார்த்துப் பார்த்து என்னை நகர்த்தினார். ‘மனசுல சாமியை நினைச்சுக்கிட்டு, இது குதிரைன்னு மூணு தடவை.’ ஒரு தடவைதானே சொன்னீர்கள் என்றேன். ‘மூணுன்னா பலமுங்க’ என்றார் நாச்சிமுத்து. நான் அவரைப் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயசு இருக்கும், தோல் தடித்த விரல்கள், சின்ன வயசில் எருமைக் காம்பைப் பிடித்த விரல்கள். ‘நாச்சிமுத்து சார், அது என்னன்னு நீங்க சொல்லுங்க’ என்றேன். அவர் படத்தைப் பார்த்தார். சட்டென்று முகம் திரும்பிவிட்டது. ‘நீங்கதான் சொல்லோணும் மேடம்’ என்றார் மெதுவாக. அவருக்கும் பயம். புது வீடு, கடன், பிள்ளை வெளிநாட்டில், என்னென்ன பயமோ. எனக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது, ஆனால் ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வாயைத் திறந்தேன். நாக்கில் குதிரை நின்றது. கு என்கிற எழுத்துக்கு உதடு குவிந்தேவிட்டது, சத்தியமாக. ‘எருமை’ என்றேன். சத்தமாக வந்துவிட்டது, வெறும் வீடு, எதிரொலித்தது. ‘எருமை. சினை எருமை. சாகப் போறப்ப போட்டதில்ல சார், பிழைச்சு எந்திரிச்சப்ப போட்டது. எனக்கு மார்புல கேன்சர். எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் இந்தக் கை மேலே போன முதல் நாள் போட்டது இது. வேற பேர் சொல்ல எனக்கு வராது.’

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மணவாளன் தட்டோடு ஒரு அடி பின்னால் போனார், தெரிந்து போனாரோ தெரியாமல் போனாரோ. ‘பார்த்தீங்களா, நான் கேட்டப்ப இல்லைன்னாங்க’ என்று நாச்சிமுத்துவிடம் சொன்னார், பரீட்சையில் ஜெயித்தவர் போல. நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். ‘மனசுல வெச்சுக்காதீங்க மேடம். நாளைக்கு விசேஷமுங்க. நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க, டிரைவரை அனுப்பறன்’ என்றார். சரி, கழற்றிக் கொடுங்கள் என்றேன். அவர் மணவாளனைப் பார்த்தார். வீட்டு ஆள் தொடக் கூடாது என்றார் மணவாளன். அப்படியானால் நீங்கள் கழற்றுங்கள் என்றேன். நான் எப்படித் தொடுவது, எனக்கு இன்னும் நாலு வீடு போக வேண்டும் என்றார். டிரைவரைக் கூப்பிட்டார்கள், அவன் வாசலிலேயே நின்று விஷயத்தைக் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றாமலே, ‘சார், எங்கூட்டுல பொண்டாட்டி முழுகாம இருக்குதுங்க’ என்று நழுவினான். ஒரு காகிதம். கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் மை. மூன்று ஆண்பிள்ளைகள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். அந்தக் கையால் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு கையையும் விரித்துச் சட்டத்தைப் பிடித்துத் தூக்கினேன், கொக்கி விடுபட்டது, மொத்தப் பாரமும் என் மேல் வந்து சாய்ந்தது. அக்குளிலிருந்து முழங்கை வரைக்கும் கயிறு போல ஒன்று சுண்டி இழுத்தது. கண்ணாடி ஜில்லென்று மார்பில் பட்டது, மார்பு இல்லாத பக்கத்தில். விழவில்லை நான். எப்படி இறங்கினேனோ, இறங்கினேன்.

வாசல் தாண்டி லிஃப்டுக்கு நடந்தபோது பூங்கொடி மட்டும் பின்னால் வந்தாள். உள்ளே நாச்சிமுத்து அவளைக் கூப்பிட்டார், அவள் நிற்கவில்லை. லிஃப்ட் எங்கேயோ கீழே நின்றுகொண்டிருந்தது. வைக்கோல் பரப்புகிறார்களோ என்னவோ. சட்டத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றேன், அக்குளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், அவள் என் கையையே பார்த்தாள். ‘வலிக்குதுங்களாக்கா’ என்றாள். எத்தனை பேர் கேட்ட கேள்வி, எத்தனை பேருக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறேன். ‘வலிக்குது’ என்றேன். சொன்னதும் நிறுத்த முடியவில்லை. ‘இங்க இன்னொண்ணு வந்திருக்கும்மா, தொட்டா தெரியுது. வெள்ளிக்கிழமை ஸ்கேன். வீட்ல சொல்லல. தனியாப் போகப் பயமா இருக்கு.’ இரண்டே தடவை பார்த்த பெண், என்ன படித்திருக்கிறாள், எந்த ஊர்க்காரி, ஒன்றும் தெரியாது எனக்கு. அவள் ஐயோ என்று சொல்லவில்லை, ஒன்றும் ஆகாது என்றும் சொல்லவில்லை. லிஃப்ட் வந்து கதவு திறந்தது. ‘எத்தனை மணிக்குன்னு சொல்லுங்க, கார் எடுத்துட்டு வர்றன்’ என்றாள். பிறகு, காலில் செருப்பில்லாமல் லிஃப்டுக்குள் ஏறி, எருமையின் அந்தப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ‘உங்க பக்கம் கொஞ்சம் எறக்குங்கக்கா, சாயுது’ என்றாள்.